கடைசிப் பெண் ஆமை செத்துவிட்டது என்றால் இனமே முடிந்ததா?

கேட்கப்பட்டவை மூன்று கேள்விகள். யாங்சே ராட்சத மென் ஓட்டு ஆமையில் நமக்குத் தெரிந்த கடைசிப் பெண் 2023இல் வியட்நாமில் இறந்துவிட்டது, சீனாவில் ஒரு கிழட்டு ஆண் மட்டும் பாக்கி என்கிறார்களே, அப்படியானால் இந்த இனம் முடிந்ததா? 2019இல் செயற்கைக் கருவூட்டல் செய்யப்போய் விஞ்ஞானிகளே ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டார்கள் என்பது உண்மையா? குளோனிங் செய்தாவது காப்பாற்ற முடியாதா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: அதிகாரபூர்வமாக இன்னும் அழியவில்லை. சீனாவின் சூசோ உயிரியல் பூங்காவில் ஒரு ஆண் இருக்கிறது. வியட்நாமில் ஹனோய்க்கு மேற்கே உள்ள சுவான் கான் ஏரியில் ஒன்று இருப்பதாக 2018இல் தண்ணீரிலிருந்து எடுத்த மரபணுத் தடயம் காட்டியது. ஆனால் "எத்தனை பாக்கி" என்பதை வைத்து இந்த விலங்கின் கதையைப் புரிந்துகொள்ள முடியாது. இது அழிந்த விதமே வேறு. நூறு ஆண்டுகள்கூட வாழக்கூடிய விலங்கு என்பதால், குஞ்சு பொரிப்பது நின்று பல பத்தாண்டுகள் ஆன பிறகும் பெரிய உருப்படிகள் அங்கங்கே கண்ணில் பட்டுக்கொண்டிருந்தன. பார்த்தவர்கள் எல்லாரும் "இருக்கத்தானே செய்கிறது" என்று நினைத்துக்கொண்டார்கள்.

அது எப்படிப்பட்ட விலங்கு என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்ற ஆமைகளுக்கு இருப்பதுபோல் மேல் ஓட்டில் கடினமான தகடுகள் கிடையாது. எலும்புத் தட்டுக்கு மேல் தோல் போர்த்தியிருக்கும், ஓரங்கள் வளையும். கறுத்த தலையில் மஞ்சள் புள்ளிகள், பன்றி மூக்கு மாதிரி முன்னால் நீட்டிய மூக்கு. மீன், நண்டு, நத்தை, தவளை எல்லாம் தின்னும். ஆற்று மணல்திட்டில் முட்டையிடும். மூச்சு வாங்கத் தலையை மட்டும் சில நொடிகள் வெளியே நீட்டிவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். ஏரிக்கரையில் மாதக்கணக்கில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்தச் சில நொடிகள்தான். உடல் எடையில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஆமைகளில் ஒன்று. ஹனோயின் ஹோவான் கியெம் ஏரியில் இருந்ததை 2011இல் பிடித்து எடை போட்டபோது 169 கிலோ இருந்தது.

இவ்வளவு பெரிய விலங்கை அறிவியல் தவறவிட்டது எப்படி? லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஜான் எட்வர்ட் கிரே, ஷாங்காய் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாதிரியை வைத்து 1873இல் இதை விவரித்து, அதை அனுப்பிய ராபர்ட் ஸ்வின்ஹோவின் பெயரையே சூட்டினார். சில ஆண்டுகளில் ஷாங்காயில் இருந்த பியேர் ஹூட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், தன்னிடம் வந்த மாதிரிகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்தார். ஒரே ஆமைக்கு ஏகப்பட்ட பெயர்கள். அதன் பிறகு வந்தவர்கள் வெறுத்துப்போய், எல்லாவற்றையும் ஆசியாவின் இன்னொரு பெரிய மென் ஓட்டு ஆமையோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். 1987, 88 வாக்கில் பீட்டர் மெய்லனும் ராபர்ட் வெப்பும் மண்டையோட்டையும் ஓட்டு எலும்புகளையும் ஒப்பிட்டு, இது தனி இனம்தான், இதன் நெருங்கிய உறவு யூப்ரடீஸ், டைக்ரிஸ் நதிகளில் வாழும் ஆமை என்று காட்டினார்கள். இன்றைய பெயர் ராஃபெடஸ் ஸ்வின்ஹோயி.

இந்தக் குழப்பம் நீடித்த காலத்தைக் கவனியுங்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி. சீனாவின் சில உயிரியல் பூங்காக்களிலும் சூசோவின் ஒரு புத்தர் கோயில் குளத்திலும் இந்த ஆமைகள் தனித்தனியாகக் கிடந்தன. பூங்காப் பலகைகளில் வேறு இனத்தின் பெயர். சூசோவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தாய் (Tai) என்ற ஏரி இதன் பழைய வாழிடம். தனி இனம் என்று யாரும் நினைக்காததால், ஒரு பூங்காவின் ஆணையும் இன்னொரு பூங்காவின் பெண்ணையும் சேர்த்து வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. என்னைக் கேட்டால் இந்த இனம் கைநழுவியது 2019லும் இல்லை, 2023லும் இல்லை. 1950க்கும் 1990க்கும் இடையில், ஆரோக்கியமான உருப்படிகள் கைவசம் இருந்தபோதே அது நடந்துவிட்டது.

மறுபக்கம் ஆறுகளில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடக்கு வியட்நாமில் சிவப்பு நதி, டா நதி, மா நதிக் கரையோர மக்களிடம் ஆய்வாளர்கள் விசாரித்தபோது, பெரிய ஆமையைப் பிடித்து ஊரே பங்கு போட்டுக்கொண்ட கதைகள் கிடைத்தன. சில வீடுகளில் மண்டையோட்டையும் ஓட்டு எலும்பையும் பத்திரமாக வைத்திருந்தார்கள். எந்த ஊரில் எந்தக் காலம்வரை இந்த ஆமை இருந்தது என்பதற்கு அந்த எலும்புகள்தான் சாட்சி. ஒரு ஆமை என்பது பல குடும்பத்துக்கு ஒரு வேளை இறைச்சி, எலும்பை மருந்துக்கு விற்றால் தனிக் காசு. அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போர்க்காலமும் அதற்குப் பிந்தைய பஞ்ச காலமும் அப்படி. பிறகு அணைகள் வந்தன. டா நதியில் ஹோவா பின் அணையின் வேலை 1979இல் ஆரம்பித்து 1994 வரை நடந்தது. அணை கட்டினால் மேலே மணல்திட்டு மூழ்கும், கீழே தண்ணீர் எப்போது ஏறும் இறங்கும் என்பது மின் உற்பத்தியின் கையில். வளர்ந்த ஆமை நீர்த்தேக்கத்தில் நன்றாகவே உயிர் வாழும். முட்டைக்குத்தான் இடம் இருக்காது.

பெரிய ஆமைகளை இழப்பது ஏன் இவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு விளக்கம் தேவை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பிளாண்டிங் ஆமை என்ற இனத்தைப் பல பத்தாண்டுகள் குறியிட்டுக் கண்காணித்தார்கள். ஜஸ்டின் காங்டனும் கூட இருந்தவர்களும் 1993இல் வெளியிட்ட முடிவு எளிமையானது. இப்படிப்பட்ட விலங்குகளில் முட்டையும் குஞ்சும் பெருமளவில் அழிவது சாதாரணம், அதை ஈடுகட்டுவது வளர்ந்த பெண்கள் வருடா வருடம் விடாமல் முட்டையிடுவது. அந்தப் பெண்களில் ஆண்டுக்குச் சிலவற்றைக் கூடுதலாக எடுத்தாலே கணக்கு இறங்குமுகமாகிவிடும். மீன் பிடிப்பதுபோல "கொஞ்சம் எடுத்தால் மறுபடி பெருகும்" என்ற நியாயம் ஆமையிடம் செல்லாது.

சரி, 2019க்கு வருவோம். பாதிக்கதை தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் கோபப்படுகிறார்கள்.

2007இல் சீனப் பூங்காக்களுக்கெல்லாம் ஒரு வேண்டுகோள் போனது: உங்களிடம் பெரிய மென் ஓட்டு ஆமை இருந்தால் படம் அனுப்புங்கள். சாங்ஷா பூங்காவிலிருந்து வந்த படத்தில் இருந்தது இந்த இனத்தின் பெண். 1950களில் ஊர் ஊராகப் போகும் ஒரு சர்க்கஸிடமிருந்து வாங்கி, அரை நூற்றாண்டு ஒரு சின்னக் குளத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் வைத்திருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் குளத்தைச் சுற்றிக் குண்டு துளைக்காத கண்ணாடி, கண்காணிப்புக் கேமரா, ராத்திரிக்குக் காவலாளி, பச்சை இறைச்சிச் சாப்பாடு. ஐம்பது வருடம் இல்லாத மரியாதை ஒரே வருடத்தில்.

2008 மே மாதம் அதைச் சூசோவுக்குக் கொண்டுபோய் அங்கிருந்த ஆணோடு சேர்த்தார்கள். வயதான ஜோடி. ஆனால் இரண்டும் சேரத் தயங்கவில்லை, பெண் வருடந்தோறும் முட்டையும் இட்டது. ஒன்றும் பொரியவில்லை. உணவை மாற்றிப் பார்த்தார்கள், கால்சியம் கூட்டினார்கள், அடைவெப்பத்தை மாற்றினார்கள். கடைசியில் 2015இல் ஆணை மயக்கி, மெல்லிய மின்தூண்டல் கொடுத்து விந்து எடுக்கும்போதுதான் காரணம் தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இன்னொரு ஆணோடு நடந்த சண்டையில் இதன் ஓடும் பிறப்புறுப்பும் சிதைந்திருந்தன. விந்தில் உயிர் இருந்தது, அதைப் பெண்ணுக்குள் கொண்டுசேர்க்கும் வழிதான் இல்லை.

அன்றிலிருந்து செயற்கைக் கருவூட்டல் ஒன்றுதான் பாதை. 2019 ஏப்ரலில் நடந்தது ஐந்தாவது முயற்சி. முன்பும் இதே பெண்ணை மயக்கியிருக்கிறார்கள், எழுந்திருக்கிறது. இந்த முறை எழவில்லை, 13ஆம் தேதி இறந்தது. அதற்கு 90 வயதுக்கு மேல் இருக்கலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஊர்வனவற்றை மயக்குவது எப்போதுமே தலைவலி. நீருக்குள் மூச்சை அடக்கிப் பழகிய விலங்கு மயக்க வாயுவை ஒழுங்காக இழுக்காது, உடல் இயக்கம் மெதுவானது என்பதால் மருந்து உள்ளே போகவும் நேரமாகும், வெளியேறவும் நேரமாகும்.

கொன்றுவிட்டார்கள் என்று சொல்வது நியாயமா? மயக்க மருந்தின் பின் இறந்தது என்பது உண்மை. ஆனால் மாற்று என்ன? தொடாமல் விட்டிருந்தால் அது இன்னும் சில ஆண்டுகள் வெற்று முட்டை இட்டுவிட்டு முதுமையில் போயிருக்கும். அந்த முயற்சியை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். அது தாமதம், அவ்வளவுதான். அந்தத் தாமதத்துக்குப் பொறுப்பு மயக்க மருந்து கொடுத்தவர்கள் இல்லை.

வியட்நாம் கதை இன்னொரு மாதிரி. அங்கே இந்த ஆமை தெய்வம். பதினைந்தாம் நூற்றாண்டில் மிங் படைகளை விரட்டிய லே லோய் மன்னர், வெற்றிக்குப் பிறகு ஏரியில் படகில் போனபோது பொன்னாமை மேலே வந்து தெய்வீக வாளைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக ஐதீகம். ஹோவான் கியெம் என்றாலே திருப்பிக் கொடுத்த வாள் என்றுதான் பொருள். ஊர் நடுவில் உள்ள சுமார் 12 ஹெக்டேர் ஏரி, கழிவும் சேறும் நிறைந்தது. 2011இல் அதில் இருந்த ஒற்றை ஆமையின் கழுத்திலும் காலிலும் புண்கள் தெரிய ஆரம்பித்ததும் ஊரே பதறியது. மார்ச் மாதம் முதல்முறை வலை போட்டபோது ஆமை வலையைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. ஏப்ரல் 3ஆம் தேதி, கரையில் ஆயிரக்கணக்கில் ஜனம் நின்று பார்க்க, பிடித்துச் சிகிச்சை கொடுத்து, சில மாதங்களில் திரும்ப விட்டார்கள். 2016 ஜனவரி 19 அன்று அது இறந்து மிதந்தது. மறுநாள் ஆளும் கட்சியின் மாநாடு தொடங்க இருந்ததால், கெட்ட சகுனம் என்று ஊர் பேசியது. உடலைப் பதப்படுத்தி, 1967இல் இறந்த இன்னொன்றுக்குப் பக்கத்தில் ஏரியிலுள்ள கோயிலில் வைத்திருக்கிறார்கள்.

பக்தி அந்த ஆமையை வேட்டையிலிருந்து காப்பாற்றியது உண்மை. அதே பக்தி அதை ஒரு சின்ன ஏரியில் தனியாளாகவும் வைத்திருந்தது. இது சீனத்து ஆமை இல்லை, எங்களுக்கே உரிய தனி இனம் என்ற வாதமும் அங்கே பல ஆண்டுகள் நடந்தது. மரபணு ஒப்பீடுகள் அதை ஆதரிக்கவில்லை. தெய்வத்தை வேறு நாட்டுக்கு அனுப்பி இணை சேர்ப்பது பற்றி எந்த அரசியல்வாதியாவது வாய் திறப்பாரா?

உண்மையான வாய்ப்பு இருந்தது டாங் மோ ஏரியில். ஹனோய்க்கு மேற்கே உள்ள பெரிய நீர்த்தேக்கம். 2007 வாக்கில் அங்கே ஒரு ராட்சத ஆமை இருப்பது படத்தோடு உறுதியானது. 2008 நவம்பர் வெள்ளத்தில் அணை உடைந்து ஆமை வெளியேற, ஒரு மீனவரின் வலையில் சிக்கியது. அவரிடம் மணிக்கணக்கில் பேசி மறுபடி ஏரியிலேயே விட்டார்கள். அப்போது அதன் எடை 69 கிலோ. 2020 அக்டோபரில் வாரக்கணக்கில் வலை போட்டுப் பிடித்தபோது 86 கிலோ. ரத்தமும் திசுவும் எடுத்தார்கள், டிசம்பரில் முடிவு வந்தது: பெண். அதே ஏரியில் இதைவிடப் பெரிய இன்னொன்றையும் பார்த்ததாகக் களக்குழு சொன்னது. 2023 ஏப்ரலில் ஏரியில் இறந்து மிதந்த உடல் 156 செ.மீ. நீளம், 93 கிலோ.

மூன்று எடைகளும் ஒரே விலங்குடையவை என்று எடுத்துக்கொண்டால், 15 ஆண்டுகளில் 69, 86, 93. எடை கூடிக்கொண்டே போயிருக்கிறது. அதாவது சாங்ஷாவின் கிழவி மாதிரி இல்லை, இது இன்னும் வளர்ந்துகொண்டிருந்த பெண். பல பத்தாண்டுகள் முட்டையிடும் காலம் முன்னால் இருந்திருக்கலாம். செய்திகள் எல்லாம் 2019 மரணத்தையே பெரிதாக எழுதின, எனக்கு 2023 மரணம்தான் பெரிய அடி.

ஒரு சில உருப்படிகளிலிருந்து இனம் மீள முடியுமா என்று நம்பிக்கையற்றுக் கேட்பவர்களுக்கு: முடியும், நடந்திருக்கிறது. கலபகோஸ் தீவுகளில் எஸ்பனோலா தீவின் நில ஆமைகள் 12 பெண், 3 ஆண் என்ற அளவுக்குக் குறைந்தன. மொத்தத்தையும் ஓரிடத்தில் சேர்த்து இனப்பெருக்கம் செய்து, இரண்டாயிரத்துக்கும் அதிகமான ஆமைகளை உருவாக்கி, 2020இல் அந்தத் திட்டத்தையே முடித்துவிட்டார்கள். சுந்தரவனத்துக்குரிய பட்டாகூர் பாஸ்கா என்ற ஆற்றாமையும் அப்படித்தான். காட்டில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை என்ற நிலையில், சஜ்னேகாலியில் ஒரு குளத்தில் கிடந்த சுமார் ஒரு டஜன் ஆமைகளிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வந்தன. 2022 ஜனவரியில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய பத்து ஆமைகளை ஆற்றில் விட்டார்கள். இந்த இரண்டு இடங்களிலும் ஆரம்பத்தில் கையில் இருந்தது முட்டையிடும் பெண்கள். ஆண் எத்தனை என்பது அவ்வளவு பெரிதில்லை.

இப்போது குளோனிங். பாலூட்டிகளில் செய்வது இது: முட்டைச் செல்லின் உட்கருவை எடுத்துவிட்டு வேறு செல்லின் உட்கருவை வைத்து, வளர ஆரம்பித்ததும் ஒரு தாயின் கருப்பையில் பதிப்பது. ஆமையின் முட்டைச் செல் என்பது ஒரு பெரிய மஞ்சள் கரு, அதன் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளிதான் உயிர். மேலே ஓடு படிவதற்கு முன்பே, தாயின் உடலுக்குள்ளேயே கருவுற்று வளரவும் தொடங்கிவிடும். ஓட்டோடு வெளியே வந்த பிறகு உட்கருவை மாற்ற வழியில்லை. வெளியே வருவதற்கு முன் செய்யவேண்டுமென்றால் பெண்ணை அறுவை செய்யவேண்டும். பறவையையும் ஊர்வனவற்றையும் குளோனிங் செய்வதில் இதுவரை யாரும் ஜெயிக்காததற்கு இதுதான் முக்கியக் காரணம். 2019இல் அமெரிக்காவில் ஒரு பல்லி இனத்தில் மரபணுத் திருத்தம் செய்தார்கள், அதுவும் பெண்ணின் சூலகத்துக்குள்ளேயே ஊசி போட்டு. அந்தப் பல்லிகள் விரல் நீளம், வேண்டிய அளவு கிடைக்கும். சாங்ஷாப் பெண்ணின் சூலகத் திசுவை உறையவைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் அதை வைத்து அடுத்த பத்து வருடத்தில் குஞ்சு வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

யூப்ரடீஸ் உறவுக்காரப் பெண்ணுக்கு இந்த ஆணின் விந்தைச் செலுத்தலாமே என்றும் சிலர் கேட்பதுண்டு. அளவில் அது மிகச் சிறியது, இரண்டும் பிரிந்து நெடுங்காலம் ஆகியிருக்கும், அதுவுமே அணைகளால் அழிவின் விளிம்பில் இருக்கிற இனம். கலப்பினம் பிறந்தாலும் அது யாங்சே ஆமை ஆகாது. ஒன்றைக் காப்பாற்றுவதற்காக இன்னொன்றின் பெண்களைப் பணயம் வைக்க என்னால் ஆதரவு தர முடியாது.

ஆக, மிச்சம் இருக்கிற ஒரே வழி தேடுவதுதான். ஏரித் தண்ணீரைக் குடுவையில் எடுத்து வடிகட்டினால், விலங்கு உதிர்த்த தோல், சளி, மலத்தின் மரபணுத் துணுக்குகள் வடிகட்டியில் தங்கும். அதில் இந்த இனத்துக்கே உரிய வரிசை இருக்கிறதா என்று சோதனைச்சாலையில் பார்ப்பார்கள். சுவான் கான் விலங்கை இப்படித்தான் உறுதி செய்தார்கள். பெரிய நீர்த்தேக்கத்தில் ஒரே ஆமை என்றால் துணுக்கு மிகவும் நீர்த்துப்போகும், அதனால் "கிடைக்கவில்லை" என்ற முடிவுக்குப் பெரிய மதிப்பு கிடையாது. "கிடைத்தது" என்ற முடிவு மட்டும்தான் பேசும். வடக்கு வியட்நாமின் நீர்த்தேக்கங்களும் சீனாவின் யுன்னான் பகுதியில் சிவப்பு நதியின் மேல்பகுதியும் தேட வேண்டிய இடங்கள்.

நாளைக்கே "ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது" என்று செய்தி வந்தால், இரண்டு விவரங்களைத் தேடிப் படியுங்கள்: பாலினம், எடை. இன்னொரு 150 கிலோ ஆண் என்றால் படத்துக்கு நன்றாக இருக்கும், இனத்துக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. 30, 40 கிலோவில் ஒரு பெண் என்றால், எங்கேயோ ஒரு மணல்திட்டில் சமீப காலம்வரை முட்டை பொரிந்திருக்கிறது என்று அர்த்தம். அது வரும்வரை சூசோவில் அந்த ஆணை உயிரோடு வைத்திருப்பதும், அதன் விந்தைச் சேமிக்கும் முறையைச் சரிசெய்வதும், வியட்நாமும் சீனாவும் முன்கூட்டியே ஒரு ஒப்பந்தம் போட்டு வைப்பதும்தான் செய்யக்கூடியவை. பெண் கிடைத்த பிறகு காகிதத்தில் கையெழுத்து வாங்க வருடக்கணக்கில் அலைந்தால், டாங் மோவில் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும்.